பக்கத்து வீட்டுக் கொப்பி

"இஞ்சாருங்கோ, மனுசி இண்டைக்கும் எழுதுது."

சமையலறை யன்னல் திரையை ஒரு விரலால் விலக்கிப் பிடித்தபடி ஜசிந்தா சொன்னாள். வேலிச் செடிகளுக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டுத் தோட்டத்தில், எண்பது வயது ஃபிராவ் ஹேகமன் மடக்குக் கதிரையில் அமர்ந்திருந்தார். மடியில் கொப்பி, கையில் பென்சில்.

பென்ஜமின் அப்போதுதான் தோட்டத்திலிருந்து வந்து, தன் காற்றுத் துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தான்.

"எழுதட்டும். நான் சட்டத்துக்குள்ளதானே சுடுறன். நீர் ஏன் பயப்பிடுறீர்?"

ஜசிந்தா பயப்படாமல் வேறு யார் பயப்படுவது? டோர்ட்மண்டுக்கு வருமுன் இருந்த பிராங்பேர்ட் மாடிவீட்டில், கீழ்வீட்டுக்காரரும் இப்படித்தான் ஒரு கொப்பி வைத்திருந்தார். இவர்கள் மிக்சி போட்ட நாள், நேரம், எத்தனை நிமிடம் என்று இரண்டு மாதம் விடாமல் எழுதி வீட்டுச் சொந்தக்காரருக்கு அனுப்பிவிட்டார். சம்பல் அரைத்ததற்குக் கூட ஒரு வரி இருந்தது. அந்தக் குறிப்புக்கு லேர்ம்புரோட்டோகோல், அதாவது சத்தப் பதிவு, என்று ஒரு பெயர் உண்டு என்பதே, வீட்டை விடச் சொல்லிக் கடிதம் வந்த அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

தோட்டத்தோடு இந்த வாடகை வீடு கிடைக்க ஒன்றரை வருடம் அலைந்தார்கள். சாவியைத் தரும்போதே புதிய சொந்தக்காரர், அயலிலிருந்து ஒரு முறைப்பாடு வந்தாலும் எல்லாம் முடிந்தது என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். 

எல்லாம் பென்ஜமினின் வேலையிடத்துக் கூட்டாளிகளால் வந்த வினை. ஒரு சனிக்கிழமை தங்கள் துப்பாக்கிக் கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. ஒக்டோபரில் கழக அணிக்கு ஆள் எடுக்கிறார்களாம், அதற்குள் கை நேராக வேண்டுமாம். முதலில் கடதாசி இலக்குகளை ஒட்டிச் சுட்டான். டோர்ட்மண்ட் மழை அவற்றைக் கஞ்சியாக்கியது. பிறகுதான் இரும்புத் தகடு தேடத் தொடங்கினான். பெண் பார்க்க வந்தபோது கூட இந்த மனிதர் இவ்வளவு யோசிக்கவில்லையே என்று ஜசிந்தாவுக்குத் தோன்றியது.

மெல்லிய தகடு குழி விழும், குழிக்குள் பட்ட குண்டு எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல ஏலாது என்று அவளுக்கு வகுப்பெடுத்தான். கடைசியில் பதமேற்றிய கனத்த உருக்கில் ஐந்து வட்டத் தகடுகள் வந்து சேர்ந்தன. முதலாவது ரொட்டி அளவு, ஐந்தாவது இரண்டு யூரோ நாணயத்தை விடக் கொஞ்சம் பெரிது. இரும்புச் சட்டத்தில் சங்கிலி போட்டு, முகம் சற்றுக் கீழே பார்க்கச் சாய்த்துத் தொங்கவிட்டான். பட்ட ஈயம் சிதறாமல் கீழே மணல் தட்டில் விழவேண்டும் என்பதற்காக. பின்னால் தடித்த பலகை, பத்து மீற்றர் தூரம், கண்ணுக்குக் கண்ணாடி. ஒரு குறையும் சொல்ல முடியாது, சத்தத்தைத் தவிர. பெரியது கோயில் மணி போல முழங்கியது, சின்னதாகப் போகப் போகச் சத்தம் கீச்சிட்டது.

ஜசிந்தா மீன் கட்லட் பொரித்து, தட்டில் அடுக்கி, பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். ஃபிராவ் ஹேகமன் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். ஆனால் மேசையில் திறந்து கிடந்த கொப்பியை மற்றக் கையால் மூடிவிட்டு, உங்கள் கணவர் நாளைக்கும் சுடுவாரா, சரியாக எத்தனை மணிக்கு என்று கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டு ஜசிந்தா வேகமாக வீடு திரும்பினாள்.

அன்று அவள் சாப்பிடவில்லை. பென்ஜமின் தேற்றிப் பார்த்தான், எடுபடவில்லை.

"அணியில சேர்ந்து நீங்கள் கோப்பை வாங்குங்கோ. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எந்தத் தெருவில நிக்கிறது?"

அடுத்த நாளே அவன் பழைய கார் ரயரை வெட்டி ஐந்து தகட்டின் முதுகிலும் ரப்பர் ஒட்டினான். இப்போது சுட்டால் தலையணையில் குத்தியது போல ஒரு மொத்தல்தான். ஜசிந்தாவுக்கு மூச்சு வந்தது. அதுவும் பத்து நிமிடம்தான். ஃபிராவ் ஹேகமன் கதிரையை விட்டு எழுந்து வேலியோரம் வந்தார், காதில் கை வைத்துக் கேட்டார், எதையோ அழுத்தி எழுதினார், கொப்பியைப் படாரென்று மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மூன்றாம் நாள் பின்னேரம் அழைப்புமணி அடித்தது. பென்ஜமின் வேலையால் இன்னும் வீடு திரும்பவில்லை. வாசலில் ஃபிராவ் ஹேகமன், அக்குளில் கொப்பி.

 இருபது வருடம் பேசிய ஜெர்மன் ஜசிந்தாவின் வாய்க்குள் குழறியது. மன்னித்துக்கொள்ளுங்கள், ஞாயிறுக்குள் எல்லாத் தகட்டையும் கழற்றிவிடுகிறோம், வீட்டுக்காரருக்கு மட்டும் அனுப்பிவிடாதீர்கள் என்று மூச்சுவிடாமல் கெஞ்சினாள்.

கிழவி ஒன்றும் விளங்காதவராக அவளைப் பார்த்தார். பிறகு கொப்பியைத் திறந்து நீட்டினார்.

ஒவ்வொரு திகதிக்கும் நேரே ஐந்து கட்டங்கள். முதல் நான்கிலும் எண்கள் வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே வந்திருந்தன. ஐந்தாவதில் தொடக்கத்திலிருந்தே வெறும் சைபர். கடைசி இரண்டு நாட்களுக்கு எல்லாக் கட்டத்திலும் கேள்விக்குறி.

"முப்பது வருடம் இந்த ஊர்ப் பெண்கள் அணிக்குச் சுடப் பழக்கியவள் நான்" என்றார் ஃபிராவ் ஹேகமன். "வேலிக்கு மேலால் தகடுகள் தெரியாது, காதால் கேட்டுத்தான் புள்ளி போடுகிறேன். முதலில் அந்த ரப்பரைக் கழற்றச் சொல்லுங்கள், அந்தச் சின்னத் தகட்டில் உங்கள் கணவர் ஒரு தடவையாவது படச் சுடும்வரை எனக்குச் சாப்பாடு இறங்காது."