நாற்பதாவது நாள் அடை

மாலை வெயில் வேலியோரப் புல்லில் சாய்ந்து கிடக்கிறது. புல்லுக்குள் கினிக்கோழி அசையாமல் அடைகாக்கிறது. இருபத்தெட்டு நாளில் பொரிக்க வேண்டியது, இன்றோடு நாற்பது நாள். சேவலை நாய் கவ்விக்கொண்டு போன பிறகு இட்ட முட்டைகள். எல்லாமே கூமுட்டை என்று அதை வளர்க்கும் வெல்டருக்குத் தெரியும். மனைவி போனதிலிருந்து வீட்டில் அவரும் இந்தக் கோழியும்தான். தண்ணீர்க் கிண்ணத்தை அலகுக்கு எட்டும்படி நகர்த்துகிறார். அது சீறிக்கொண்டு புள்ளிச் சிறகை இன்னும் அகல விரிக்கிறது. காதோடு ஒட்டிய போனில் வெளியூரிலிருக்கும் மகள் சத்தம் போடுகிறாள். “முட்டைய எல்லாம் எடுத்துடுங்கப்பா. பட்டினி கிடந்தே செத்துடப் போகுது.” “அதுக்குத்தாம்மா வந்தேன்.” கோழியின் வயிற்றுக்கடியில் கையை நுழைக்கிறார். ஒரு கொத்து விழுகிறது. உள்ளே வெதுவெதுப்பாக இருக்கிறது. “எடுத்தாச்சா?” “எடுத்துட்டேம்மா” என்கிறார், அந்தச் சூட்டிலிருந்து கையை எடுக்காமலே.