ஆறாம் அறையின் கோடு

புதுக் கணினியில் எங்கள் குளிர்கிடங்கின் வரைபடம் கன்னாபின்னாவென்று எழுத்துகளாகத் தெரிந்தது. கோடு, மூலை என ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. புதுக் கணினி அந்த எண்களை வேறு எழுத்துகளாகப் படித்திருக்கிறது. கணினியைச் சரிசெய்ய வந்த மெக்கானிக், எந்த எண்ணுக்கு எந்த உருவம் என்ற அட்டவணையை மாற்றியதும் ஆறு அறைகளும் கட்டங்களாகத் திரும்பி வந்தன.

"ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு கோடு விட்டுப்போயிருக்குக்கா. ஆறாவதுல போட்டுட்டேன். மிச்சத்தச் சாப்பிட்டு வந்து போடறேன்" என்று கிளம்பினார்.

ஐந்து நிமிடத்தில் அண்ணன் போன் செய்தான். ஆறாம் அறையில் பெட்டி அடுக்கப் போயிருந்தான்.

"கதவக் காணோம்மா. சுத்திச் சுத்திச் சுவருதான் இருக்கு. குளிருது."

ஓடிப் போய்ப் பார்த்தேன். வெளியிலும் வழவழவென்று சுவர்தான். திரும்பி ஓடிவந்து, கதவுக்கு விட்டிருந்த இடத்தில் மெக்கானிக் போட்ட கோட்டை அழித்தேன்.

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. புருவமெல்லாம் வெள்ளையாக அண்ணன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். எனக்கு அப்போதுதான் போன உயிர் திரும்பி வந்தது. இருவரும் காரணமில்லாமல் சிரித்தோம்.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"ஆறாவதுல மறுபடியும் போயிடுச்சே! இருங்க, எல்லாத்தையும் ஒரேயடியா மூடிடறேன்."

அண்ணன் கீபோர்டைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.