பேர் கேட்ட போலீஸ்காரன்

“கிட்ட வந்தா குத்திடுவேன்” என்று கத்தினாள் அந்தப் பெண். சமையலறை மூலையோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். கையில் ரொட்டி வெட்டும் கத்தியை நீட்டிப் பிடித்திருந்தாள்.

போலீஸ்காரன் வேட் டாக்கெட் வாசலைத் தாண்டவில்லை. இரண்டு கைகளையும் அவள் பார்க்கும்படி விரித்தான்.

“வரலம்மா. இங்கேயே நிக்கிறேன். என் பேரு வேட். உங்க பேரு என்ன?”

“அந்த வயர்லெஸ்ஸை நிறுத்து. அது என்னைத் திட்டுது.”

தோளில் கரகரத்த வயர்லெஸ்ஸை அணைத்தான். “நிறுத்தியாச்சு. அவசரமே இல்ல, மெதுவாப் பேசலாம். பேரைச் சொல்லுங்கம்மா.”

“நோரா.”

கத்தி கைநழுவித் தரையில் விழுந்தது. சத்தமே வரவில்லை. அது ரப்பர் கத்தி.

சுற்றி உட்கார்ந்திருந்த போலீஸ்காரர்கள் கைதட்டினார்கள். மனம் பேதலித்து நிற்பவர்களைச் சுடாமல், பேசியே வழிக்குக் கொண்டுவருவது எப்படி என்று அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் நடந்த பயிற்சி வகுப்பு அது. சமையலறை அட்டையில் செய்தது. நடிக்க வருபவர்கள் பெரும்பாலும் அப்படிப்பட்ட நோயாளிகளின் குடும்பத்தார்; அங்கே அவர்களுக்கு நாடகப் பேர்தான், சொந்தப் பேரைச் சொல்வதில்லை.

வேட் வியர்வையைத் துடைத்துக்கொண்டான். இதில் தேறாவிட்டால் அவன் வேலை போய்விடும். போன குளிர்காலத்தில், வீட்டில் தனியாக இருந்த, மனம் பேதலித்த ஒரு பையனை, கையில் கத்தியைப் பார்த்த மாத்திரத்தில் சுட்டுக் கொன்றவன் அவன். “இவங்ககிட்ட எப்படிப் பேசணும்னு எனக்கு யாருமே கத்துத் தரல” என்று வழக்கு விசாரணையில் வக்கீல்கள் முன்னால் சத்தியம் செய்திருந்தான். அதை நம்பித்தான் வேலையில் விட்டுவைத்து இங்கே அனுப்பியிருந்தார்கள்.

வழக்குப் போட்டது பையனின் அம்மா. அவளை அவன் கண்ணால் கண்டதில்லை. எல்லாம் வக்கீல் மூலம்தான். ஆனாலும் நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது. கேஸ் முடியட்டும், மானநஷ்டம் கேட்டு அவளை நடுத்தெருவில் நிறுத்தாமல் விடுவதில்லை என்று கறுவிக்கொண்டிருந்தான்.

“நோரா, நீங்க சொல்லுங்க. எப்படிப் பண்ணினாரு?” என்றார் பயிற்சியாளர் கோல்மன். நடித்தவர் நிறைகுறை சொல்லி முடிக்கும்வரை கேமரா ஓட வேண்டும் என்பது அங்கே வழக்கம்.

“எல்லாரும் எடுத்த எடுப்புல கையை இடுப்புக்குத்தான் கொண்டு போவாங்க. இவரு பேரைக் கேட்டாரு” என்றாள் அவள். “புதுசாக் கத்துக்கிட்டவர் மாதிரியே தெரியல. முன்னாடி எங்கயாவது படிச்சிருக்கீங்களா சார்?”

“கண்ணாடி முன்னாடி நின்னு ஒத்திகை பாத்திருப்பான்” என்றது பின்வரிசைக் குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

வேட்டுக்குச் சுருக்கென்றது. “ஒத்திகையா? முன்னாடி வேலை பாத்த ஊர்லயே இந்த வகுப்பை முடிச்சிட்டேன்டா. அதுல நான்தான் முதல் மார்க். அஞ்சாறு வருஷமா இதெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அவள் பொய்முடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். குனிந்து ரப்பர் கத்தியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

“என் பையன்கிட்டயும் ஒரு தடவை பேரைக் கேட்டிருக்கலாமே, சார்.”