எழுபதாவது வளைவு

"படம் ரொம்ப மோசமுங்க," என்றார் பூபதி. "ரெண்டாந்தடவை பாக்கறப்பவும் மோசமாத்தான் இருந்துச்சு."

சோளக்காடு பஸ் ஸ்டாப் டீக்கடையில் அன்றைக்கும் அதே பேச்சுதான். 'எழுபதாவது வளைவு' என்று ஒரு படம். ஒரு கொலை, ஒரு கள்ளக்காதல், நிறைய அரைகுறை ஆடை. போன கோடை லீவில் ஒரே ஒரு வேனில் வந்து இறங்கியவர்கள், மொத்தப் படத்தையும் கொல்லிமலையிலேயே எடுத்து முடித்துக்கொண்டு போனார்கள். தியேட்டருக்கு வரவில்லை. நேராகச் செல்போனுக்கு வந்துவிட்டது.

"கதையே இல்லீங்க," என்றார் டீக்கடை குழந்தைசாமி. "கொலைகாரன் யாருன்னு பாதியிலேயே தெரிஞ்சுபோகுது."

"அப்புறம் ஏன் மீதியப் பாத்தீங்க?"

"ஆரம்பிச்சத முடிக்கணுமில்லீங்களா."

வாசலூர்பட்டி ஏரியில் பிணத்தைப் போட்டவன் அடுத்த நொடி தேவனூரில் எப்படி நிற்கிறான் என்று ஒருவர் கவலைப்பட்டார். இதையெல்லாம் குடும்பத்தோடு பார்க்க முடியுமா என்று இன்னொருவர் கொதித்தார். அவர் தனியாகத்தான் பார்த்திருந்தார்.

"குறிப்பா அந்த அருவிக் காட்சி," என்றார் பூபதி. பள்ளிக்கூடத்துப் பெற்றோர் சங்கத் தலைவர் அவர். "நம்ம மலைக்கே அசிங்கம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். அருவியில் ஒரு பெண் குளிக்கிறாள். முகம் தெரியாது, முதுகு மட்டும். கதாநாயகி பூசினாற்போல இருப்பாள், இந்த முதுகு ஒல்லி. அப்படியென்றால் டூப். அப்படியென்றால் உள்ளூர் ஆள்.

படக்காரர்களுக்குச் சமைத்துப் போட்டவள் சுமித்ரா. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள், புருஷனை இழந்தவள். ஒல்லியாகவும் இருந்தாள். ஊருக்கு அது போதுமாக இருந்தது.

பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஜீப் டிரைவர் காளியண்ணன், பாதி டீயைக் கீழே ஊற்றிவிட்டு எழுந்து போனார். ஒல்லி உடம்பு, பெரிய மீசை, சிடுசிடுத்த முகம், வாரம் தவறாமல் கோயில். இந்தப் பேச்சு வந்தாலே அவர் இப்படித்தான்.

"பாருங்க, அந்த மனுசனுக்கே பொறுக்கல," என்றார் பூபதி. "அந்தப் பொம்பளைய வேலைய விட்டு எடுத்தே ஆகணும்."

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம் போட்டார்கள். ஆண்கள் ஒருபக்கம், பெண்கள் ஒருபக்கம். நடுவில் சுமித்ரா.

"அது நான் இல்லீங்க," என்றாள். "சோறாக்கிப் போட்டேன், அவ்வளவுதானுங்க. இந்த வேலையும் போச்சுன்னா நானும் எம்புள்ளையும் எங்கீங்க போவோம்?"

"நீ இல்லீன்னா அது யாரு முதுகு?" என்றார் பூபதி.

தன் முதுகு இல்லை என்று ஒருத்தி எப்படி நிரூபிப்பாள்? சுமித்ரா தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்னுதுங்க."

எல்லோரும் திரும்பினார்கள். காளியண்ணன் எழுந்து நின்றிருந்தார்.

"அந்த நடிகைப் புள்ளைக்கு அன்னிக்குக் காய்ச்சலுங்க. தண்ணியில எறங்க மாட்டேன்னு அழுதுச்சு. டைரக்டர் சுத்திமுத்திப் பாத்தாரு. நான் ஜீப்போட நின்னேன். சவுரிய மாட்டி எறக்கி உட்டுட்டாங்க."

ஆண்கள் பலருடைய முகம் ஒரு மாதிரி ஆனது.

"இருக்காதுங்க," என்றார் குழந்தைசாமி, அழாத குறையாக. "அந்த முதுகுல எடதுபக்கம் ஒரு மச்சம் இருக்குமே, சின்னதா."

பெண்கள் பக்கமிருந்து அவர் மனைவி மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"இவருக்கும் இருக்குதுங்க," என்றாள் காளியண்ணனின் மனைவி பாப்பாத்தி. "சட்டையக் கழட்டச் சொல்லட்டுங்களா? அன்னிக்கு நனைஞ்சு வந்து சளி புடிச்சுப் படுத்தவருக்கு நாந்தான் மொளகுக் கசாயம் வெச்சுக் குடுத்தேன்."

யாரும் கழட்டச் சொல்லவில்லை. பூபதி துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"ஆம்பளை அருவியில குளிச்சது தப்புன்னா சொல்லுங்க," என்றார் காளியண்ணன். "மன்னிப்புக் கேட்டுக்கறேன். உங்கள்ல யாருக்காச்சும் புடிச்சிருந்துச்சுன்னா, அதுக்கும் சந்தோசமுங்க."

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. பெண்கள் பக்கம் மொத்தமும் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் பூபதி கூட்டத்தை முடித்துவிட்டு வண்டியை எடுத்துவிட்டார். மறுநாளிலிருந்து டீக்கடையில் மழையைப் பற்றியும் மிளகு விலையைப் பற்றியும் மட்டுமே பேசினார்கள்.

கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் சுமித்ரா ஓடிவந்து காளியண்ணனோடும் பாப்பாத்தியோடும் சேர்ந்துகொண்டாள். கண்ணைத் துடைத்தும் நீர் நிற்கவில்லை.

"இனி நீங்க ரோட்டுல போனா ஊரே சிரிக்குமேங்கண்ணா."

"சிரிக்கட்டும் கண்ணு. உன்னைய மொறைக்கறதுக்குப் பதிலா என்னையப் பாத்துச் சிரிச்சுட்டுப் போறாங்க."

கொஞ்ச தூரம் நடந்தார்கள். அவளுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏனுங்கண்ணா, நெசமாவே அது உங்க முதுகுதானுங்களா?"

பாப்பாத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யாரு முதுகோ, எனக்கென்ன தெரியும்?" என்றார் காளியண்ணன். "நான் இன்னும் அந்தப் படத்தையே பாக்கல."