கூடிக் கரையாத சாவு

காகம் ஒன்று செத்தால் ஊர்க் காகங்கள் எல்லாம் கூடி நின்று கரையும். கொள்ளைநோய் வந்த கோடையில் அந்த வழக்கத்தை நிறுத்தச் சொன்னது மூத்த காகம். "யாரும் கூடக் கூடாது. செத்தவங்க பக்கமே போகக் கூடாது." அந்த வாரத்தில்தான் செங்கமலம் என்ற காகத்தின் துணை, வேப்பமரத்தடியில் தனியாக விழுந்து செத்தது. செங்கமலம் தூரத்துக் கிளையில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது.

நோய் போய் இரண்டு மழைக்காலமும் போயிற்று. செங்கமலத்துக்கு இன்னும் இரை சரியாக இறங்கவில்லை. கூடு கட்டச் சுள்ளி எடுக்கும். பாதி வழியில் போட்டுவிடும்.

"எங்க கூட்டத்துல அழுற பழக்கமே கிடையாது. போனவங்க போனாங்கன்னு வேலையைப் பார்ப்போம்" என்றது பக்கத்து மரத்து அணில். அதன் பொந்து நிறையக் கடலை. படுக்க இடமில்லாமல், நோய் வந்த நாளிலிருந்து அது வெளியேதான் தூங்குகிறது. "நோய் திரும்பி வந்தா என்ன செய்யறது?" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கும் கடலை தேடி ஓடியது.

மறுநாள் காலையில் செங்கமலம் வேப்பமரத்தடிக்கு இறங்கிப் போய், வெறுந்தரையைப் பார்த்துக் கரையத் தொடங்கியது. காகங்கள் அடித்துப்பிடித்து வந்து சேர்ந்தன.

"யாரு செத்தது?"

"என் வீட்டுக்காரர்."

"எப்போ?"

"கொள்ளைநோய்க் கோடையில."

யாரும் சிரிக்கவில்லை. மூத்த காகம் மெல்ல இறங்கி வந்து செங்கமலத்தின் பக்கத்தில் நின்றது.

"அதே கோடையிலதான் என் மகளும் போனா. நானும் கிட்டப் போகல" என்று சொல்லிவிட்டுக் கரைந்தது. பிறகு ஒவ்வொரு காகமும் ஒரு பெயரைச் சொல்லிக் கரைந்தது.

அணில் எட்டிப் பார்த்தது. தரையில் ஒரு பிணமும் இல்லை. வாயிலிருந்த கடலையை அது கீழே வைத்தது, திரும்ப எடுக்கவில்லை.