ஒன்றரையா, மூன்றா?

"வீட்டுப் பட்டறைக்கு ஒன்றரை ஹெச்.பி. மோட்டார் வச்ச ரம்பமே தாராளம்மா," என்றார் கருவிக் கடைக்காரர்.

"மூணே குடுங்கண்ணா. எங்க பாப்பாவுக்கு இவர் செஞ்ச தொட்டிலப் பாத்துட்டு என் ஆபீஸே வாயைப் பொளந்துச்சு. நாலு பேரு ஆர்டர் குடுத்திருக்காங்க!" என்றாள் அவள், பக்கத்தில் நின்ற கணவனைக் காட்டி.

கணவன் காலரைத் தளர்த்திக்கொண்டான். "பழைய மெஷினே போதும், வா போகலாம்."

"சும்மா இருங்க. கனமான மரம் வச்சா மோட்டார் திணறுது, அதான் ஆர்டர் லேட்டாகுதுன்னு ஆறு மாசமா நீங்கதானே சொல்றீங்க? மாத்திக்கலாம்னுதான் அதையும் கார்ல ஏத்தச் சொன்னேன்."

கடைக்காரர் காருக்குப் போய், மரம் அறுக்கும் அந்த மேசை ரம்பத்தைக் குனிந்து பார்த்தார். பிளேடை விரலால் தடவினார்.

"பழசா இது? பிளேடு பல்லுல கம்பெனியில பூசின மெழுகு அப்படியே இருக்கே. இதுல ஒரு குச்சியக்கூட அறுக்கலையேம்மா!"

கணவனுக்குக் காது மடல் சுட்டது. தலை தானாகத் தொங்கியது.

அவள் கணவனை ஓரமாக இழுத்து, கடைக்காரர் காதில் விழாமல் கேட்டாள்:

"அந்தத் தொட்டில எந்தக் கடையில வாங்குனீங்க? இன்னும் நாலு வேணும்."