ஆறரை மணிச் சூடு

"மூணாவது தடவையா வர்றீங்க. இன்னிக்கும் சரியாகலைன்னா, பெட்டியைத் தூக்கிட்டு வந்து உங்க கடை வாசல்லயே போட்டு உடைப்பேன்!"

பூபதி கத்தியதில் ஓட்டின் மேல் விழுந்த மழைச் சத்தமே அமுங்கிப்போனது.

அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக் கடையிலிருந்து மலைப்பாதையின் எழுபது வளைவும் நனைந்துகொண்டே ஸ்கூட்டரில் ஏறி வந்த யமுனா, மேசைக்கு அடியில் குனிந்தாள். அங்கிருந்த கேமிங் கம்ப்யூட்டர் பெட்டியை அவனுக்குப் பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுத்தவள் அவள்தான்.

"ஞாயித்துக்கிழமை பைனல். ஜெயிச்சா சென்னை டீம்ல இடம். எதிராளி சுடுறப்பப் பார்த்து என் ஸ்கிரீன் திக்கித் திக்கி நிக்குது. நாலு மேட்ச் போச்சு!"

"ஏனுங்க, கொண்டை ஊசி வளைவுல ஒரு லாரி நின்னா, பின்னால வர்ற அத்தனை வண்டியும் நிக்குமில்லீங்க? அப்படி உள்ள ஏதோ ஒண்ணு நிக்குது. எதுன்னு பார்க்கணும்."

"லாரிக் கதையெல்லாம் யாரு கேட்டா?"

விளையாட்டை ஓடவிட்டாள். அரை மணி நேரம். ஒரு திக்கல் இல்லை.

"பாருங்க, உங்களைக் கண்டா மட்டும் ஒழுங்கா ஓடுது!" அவனுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

போன வாரம் தான் போட்டுவிட்டுப் போன, சூட்டைக் குறித்து வைக்கும் புரோகிராமைத் திறந்தாள் யமுனா.

"தினமும் சாயங்காலம் ஆறரைக்குச் சூடு நூறு டிகிரிக்குப் போகுது. கருகிடக் கூடாதுன்னு புராசஸர் தானே வேகத்தைக் குறைச்சுக்குது. ஆறரைக்கு இங்க என்னங்க நடக்குது?"

"என்ன நடக்கும்? மிளகுக் காட்டுல இருந்து நனைஞ்சு வருவேன். ஹெட்போனை மாட்டிக்கிட்டு உட்காருவேன். அவ்வளவுதான்."

காபி கொண்டுவந்த அவன் அம்மா கண்ணாயி, டம்ளரை வைக்காமல் பெட்டியையே பார்த்தாள்.

யமுனா பெட்டியின் தலையில் இருந்த காற்றுத் துளைகளைத் தடவினாள். எதையோ கிள்ளி எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

"என்னது? யாராச்சும் கை வெச்சிருக்காங்களா? எவரா இருந்தாலும் சும்மா விடமாட்டேன்!"

யமுனா கண்ணாயியின் முகத்தைப் பார்த்தாள்.

"இல்லீங்க. நாங்கதான் ஃபேனைத் திருப்பி மாட்டிட்டோம். தப்பு எங்க மேலதான்."

"சொன்னனா இல்லையா! அரைகுறைங்க! உங்க கடைப் பேரை நாறடிக்கலைன்னா பாருங்க!"

ஆறரை மணிக்கு மட்டும் ஏன் என்று கேட்கக்கூட அவனுக்குப் பொறுமை இல்லை. யமுனா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். ஃபேனைச் சரிசெய்வதுபோல் ஒரு ஸ்குரூவைக் கழற்றி, அதையே மறுபடி மாட்டினாள். பெட்டிக்குப் பின்னால் சுவரில் இரண்டு ஆணி அடித்து ஒரு கயிறு கட்டினாள். கிளம்பினாள்.

பூபதிக்குத் திட்டித் தீரவில்லை. இன்னும் நாலு வார்த்தை கேட்டுவிட வாசலுக்குப் போனவன், வெளியே யமுனா அம்மாவிடம் பேசுவது கேட்டுக் கதவோரம் நின்றுவிட்டான்.

"இனிமே பெட்டி மேல போர்த்தாதீங்கம்மா. பின்னால கொடி கட்டியிருக்கேன். அங்கயும் சூடான காத்து வரும். அதுல போடுங்க, காஞ்சிரும்."

"அடுப்புல காட்டினா புகை நாத்தம்னு கத்துறான் கண்ணு. ஈரத்தோடயே விடியக்காலம் காட்டுக்குப் போறானேன்னுதான்..."

யமுனா விரித்த உள்ளங்கையில் ஒரு துணுக்கு நீலக் கம்பளி நூல்.

மூன்று வாரமாக வெயிலையே காணாத மலையில், பூபதி போட்டிருந்த நீல ஸ்வெட்டர் கதகதவென்று காய்ந்திருந்தது.